இடாப்பிலிருந்து தொடங்குவோம்

(கல்லூரியின் அடுத்த ஐந்தாண்டுக்கான மூலோபாயத் திட்டமிடலைத் தொடக்கிவைத்த நூற்றாண்டு ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தோம். கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் பதில்கள் வந்தன. பெரும்பாலானவை சீமெந்தும் கல்லுமாக இருந்தன. மண்டபம், நுழைவாயில் வளைவு, நீச்சல் தடாகம்கூட. (எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு சகோதரி கேட்டார். அந்த யோசனை அத்தோடு நின்றது.) அன்பினால் வந்த யோசனைகள்தான் எல்லாம். ஆனால் எதற்கும் முன்னர் ஒரு திட்டம் வேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது. அதற்காகவே இன்று கூடியிருக்கிறோம்.

எமது தலைமுறைக்கு ‘மூலோபாயம்’ என்றால் பத்திரிகையில் வந்த போர் ஆய்வுக் கட்டுரைகள்தான் நினைவுக்கு வரும். இங்கே அதற்குப் பொருள் எளியது. ஐந்து வருடங்களில் எதைச் செய்வோம், எதைச் செய்யாமல் விடுவோம், யார் பொறுப்பு, காசு எங்கிருந்து வரும் என்பதுதான். இவற்றில் இரண்டாவதுதான் கடினம்.

திட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். உண்மைதான். அரச பாடசாலைகள் ஐந்தாண்டுத் திட்டமும் வருடாந்தத் திட்டமும் எழுதி வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுக்கின்றன. தூரநோக்கும் பணிக்கூற்றும் சுவரில் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. பல பாடசாலைகளில் அவற்றை வாசித்துப் பார்த்திருக்கிறோம். பெயரை மாற்றினால் எந்தப் பாடசாலைக்கும் பொருந்தும். எமது திட்டம் எமக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கவேண்டும்.

எமது நிலை என்ன? இந்த நாட்டில் 10,000 இற்கும் அதிகமான அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் தேசிய பாடசாலைகள் சுமார் 400 மட்டுமே. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் கெட்டிக்காரப் பிள்ளைகள் நகரப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். எந்தத் தாயையும் இதற்காகக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. எமது பிள்ளைகளையும் நாம் அப்படித்தான் சேர்த்தோம். ஆனால் சிறிய கல்லூரி ஒன்றுக்கு அதன் விளைவு என்ன என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். மாணவர் தொகை குறைய, ஆசிரியர் ஆளணி குறைகிறது. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அந்தப் பாடம் நிற்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலை 1ஏபி எனப்படும். கலையும் வர்த்தகமும் மட்டும் இருந்தால் 1சி. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு வருடங்கள் கழிந்தால், அந்தப் பிரிவை விரும்பும் பிள்ளை சாதாரண தரத்தோடு விடுகைப் பத்திரம் கேட்பாள். அடுத்த வருடம் தொகை இன்னும் குறையும். மூடும் கட்டளை எதுவும் வராமலே ஒரு பாடசாலை இப்படி மூடப்பட்டுவிடலாம். புதிய மண்டபம் இதைத் தடுக்காது.

எனவே எங்கிருந்து தொடங்குவது? மருத்துவத் துறையில் எமக்கு முதலில் பழக்கப்பட்டது நோயாளியின் வரலாற்றைக் கேட்பது. கேட்காமல் மருந்து எழுதும் கை ஆபத்தானது. கல்லூரியின் வரலாறு அதன் இடாப்புகளில் இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 ஐ எமது வகுப்பினர் மறக்கமாட்டோம். வலிகாமமே இரவோடிரவாக எழுந்து நடந்தது. தென்மராட்சியில் வேறொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேரங்களில் எமது வகுப்புகள் மீண்டும் நடந்தபோது, எமது பெயர்கள் பழைய இடாப்பிலிருந்தே கூப்பிடப்பட்டன. ஆசிரியைகள் அவற்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வீட்டுச் சாமானை விட்டுவிட்டு இடாப்பை எடுத்து வந்தவர்களும் இன்று இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கங்களில் சிவப்பு மையால் கோடிட்ட பெயர்கள் உண்டு. ஒருத்தி வன்னிக்குப் போனாள். ஒருத்திக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். சிலரைப்பற்றி இன்றும் எமக்குத் தெரியாது. இன்றைய இடாப்புகளிலும் கோடிட்ட பெயர்கள் இருக்கின்றன, போர் இல்லாமலே. 2016 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். அப்படியிருந்தும் தரம் 9 இலும் 10 இலும் பிள்ளைகள் மெல்ல மெல்ல வராமல் விடுகிறார்கள். முதலில் வெள்ளிக்கிழமை, பிறகு வாரத்தில் இரண்டு நாள், பிறகு பெயரே இல்லை. எமது திட்டத்தின் முதல் வேலை கடந்த பத்து வருட இடாப்புகளைத் திறந்து, எந்தத் தரத்தில், எந்த மாதத்தில், யார் போனார்கள் என்று எண்ணுவது. பிறகு அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்பது. சாட்டுக்காக அல்ல, அறிவதற்காக.

என்ன பதில் வரும் என்று இப்போதே சொல்லமுடியாது. சிலவற்றை வைத்தியர்களாக ஊகிக்கலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் சுகாதார வைத்திய அதிகாரியின் குழுவினர் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். 200 இற்குக் குறைந்த மாணவர்கள் உள்ள இடங்களில் எல்லாத் தரங்களையும் பார்க்கவேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை ‘மொக்கு’ என்று பெயரெடுத்திருப்பதை அங்கேதான் கண்டுபிடிக்கிறோம். கண்ணாடி வாங்கிப் போட்டதா என்று பிறகு பார்ப்பவர் யார்? இரத்தச்சோகையோடு இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலைவைக்கும் பிள்ளையை யார் கவனிக்கிறார்?

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சபையில் ஆண்கள் இருப்பதால் விழுங்கப்போவதில்லை. மாதத்தில் மூன்று நாள் வராத பெரிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று இடாப்பு சொல்லும். தண்ணீர் வரும் குழாய், உள்ளே பூட்டக்கூடிய கதவு, மூடியுள்ள வாளி, இவை மூன்றும் உள்ள மலசலகூடம் நுழைவாயில் வளைவைவிட மலிவானது. அதில் பெயர்ப்பலகை மாட்ட மட்டும் யாரும் முன்வருவதில்லை.

பெயர்ப்பலகை என்றவுடன் காசைப்பற்றியும் பேசிவிடுவோம். இதுவரை ஒவ்வொரு கிளையும் தான் விரும்பியதைக் கொடுத்தது. கல்லூரி மறுக்கமுடியாமல் வாங்கிக்கொண்டது. பராமரிப்புக்கு மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. இனிமேல் கிளைகளின் நிதி திட்டத்தின் முன்னுரிமைப்படி செலவாக வேண்டும் என்று கேட்கிறோம். இதைச் சில கிளைகள் விரும்பாது. தொலைபேசியில் கோபித்தும் விட்டார்கள். ஆனாலும் கேட்கிறோம். அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் பழைய மாணவர்களும் சேர்ந்திருக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. தீர்மானம் அங்கே எடுக்கப்படட்டும். நாம் உதவுபவர்கள். உரிமையாளர் அல்லர். அதிபர்கள் மாறுவார்கள், எமது செயற்குழுவும் மாறும். திட்டம் ஒருவரின் மேசை லாச்சிக்குள் இருந்தால் அவரோடு போய்விடும்.

வேலை ஒழுங்கு இதுதான். முதல் தவணை முழுவதும் எண்ணுவதும் கேட்பதும் மட்டுமே. மாணவர் பாராளுமன்றத்துப் பிள்ளைகளைத் தனியாகச் சந்திப்போம், பெரியவர்கள் இல்லாமல். இரண்டாம் தவணையில் வரைவு. அது இணையத்தில் மட்டுமல்லாமல், வாசலில் வந்து வாசிக்கக்கூடியதாக அறிவித்தற்பலகையிலும் இருக்கும். மூன்றாம் தவணையில் பெற்றோர் கூட்டத்தில் வைத்து இறுதியாக்குவோம். மூன்று, கூடினால் நான்கு இலக்குகள். பதினைந்து இலக்குகள் உள்ள திட்டம் எதுவும் செய்யாதிருக்கப் போடும் திட்டம்.

கடைசியாக, உங்கள் கதிரைகளில் ஒரு தாள் இருக்கிறது. வெளிநாட்டுச் சகோதரிகளுக்குக் கிளைச் செயலாளர்கள் அனுப்புவார்கள். அதில் நன்கொடைக்கு இடம் இல்லை. தரம் 6 இல் உங்களோடு இருந்து தரம் 11 இல் இல்லாமற்போனவர்களின் பெயர்களையும், போன காரணம் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். சாதாரண தரம் எழுதாததால் சங்கத்தில் சேரத் தயங்கும் பலர் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். முகவரி தெரிந்தால் அதையும் தாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைக்கப்போகிறோம். தாள்களைத் தேநீருக்குப் போகும்போது வாசலில் உள்ள பெட்டியில் போடலாம்.