மனசுக்கு மீட்டர் உண்டா?

(நம் பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எஞ்சினியருக்கு மனநோயைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று பின் வரிசையில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளுக்குப் போய்வருகிறவன், அவ்வளவுதான் தகுதி.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒரு விபத்து நடந்தால் தீக்காயம் பட்டவர்களை எண்ணுகிறோம். காயமே படாமல் ஓடித் தப்பித்தவர்களை யார் எண்ணுகிறோம்?

அப்படி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடினால் அந்தச் சத்தம். குக்கர் விசிலடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. மருந்து கலக்கும் ரூம் பக்கம் போகவே மாட்டேன் என்கிறார். வீட்டில் என்ன சொல்வோம்? "பயந்துட்டான், மந்திரிச்சு திருநீறு போடு." அதிலும் தீராவிட்டால் ஏர்வாடி. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் மாண்டார்கள். சங்கிலி கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது.

சரி, மனநல மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? மீட்டர் கிடையாது. ரத்தப் பரிசோதனை எழுதினால், தைராய்டு மாதிரி உடல் கோளாறு இல்லையென்று தள்ளுவதற்குத்தான். அவருடைய கருவி கேள்வி. என்ன தொந்தரவு, எப்போதிருந்து, வேலைக்குப் போக முடிகிறதா, குடிக்கிறீர்களா? வீட்டுக்காரம்மாவிடமும் தனியே விசாரிப்பார். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்பார். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது நம் வீண் பயம்.

நாள் கணக்கு ரொம்ப முக்கியம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டுப்படி, இந்தத் தொந்தரவுகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் 'பி.டி.எஸ்.டி.' என்ற பெயர். பலருக்கு அதற்குள் தானாகவே தணிந்துவிடும். முதல் வாரத்திலேயே "மெண்டல்" என்று பட்டம் கட்டுவது நாம்தான், டாக்டர் இல்லை.

மனச்சோர்வுக்கு 'பி.எச்.கியூ-9' என்று ஒரு தாள் உண்டு. கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்வி, மொத்தம் 27 மார்க். 10 அல்லது அதற்கு மேல் போனால் தீர விசாரிக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் 'கோ, நோ-கோ கேஜ்'. கேஜில் நுழையாத பீஸைத் தனியே எடுத்து வைக்கலாம்; கோளாறு என்ன என்பதைக் கேஜ் சொல்லாது. அந்தத் தாளை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது.

இந்தக் கூட்டத்தில் ஆலை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், போர்மேன்கள் இருக்கிறீர்கள். விபத்து நடந்தால் அன்று ஷிப்டில் இருந்த எல்லார் பெயரையும், காயமில்லாதவர்கள் உட்பட, எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "தூக்கம் வருதாப்பா?" என்று கேளுங்கள். இல்லை என்பவரை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். 2022 முதல் 14416 என்ற இலவச நம்பரும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். இந்தப் பட்டியலைத் தங்கள் ஆலையில் தொடங்கச் சம்மதிப்பவர்கள் மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் பெயர் கொடுங்கள்.