விரதம் முடிந்த மறுநாள்

(அறவாரிய மண்டபத்தில் நடைபெற்ற அன்பர்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். கட்டுப்பாடாக உண்டு வந்தவர் ஒரு நாள் தவறிவிட்டால், அடுத்து என்ன செய்வது என்பதே என் பேச்சு.

2023ஆம் ஆண்டு மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு இனிப்புநீர் உள்ளது. மூன்று பெரிய இனங்களில் நம்மவரிடையேதான் இது அதிகம். அந்தக் கணக்கில் நானும் ஒருவன்.

தைப்பூசத்திற்கு முன் 48 நாள், ஒரு மண்டலம், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மரக்கறி விரதம் இருப்பது என் வழக்கம். அந்த நாட்களில் சோறு அளவோடு இருக்கும். தே ஓவில் சீனி இருக்காது. பால்குடம் ஏந்தித் தண்ணீர்மலைப் படிகளில் ஏறும்போது உடம்பு பஞ்சுபோல் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், விரதம் முடிந்த மறுநாள் உறவினர் வீட்டுக் கல்யாண விருந்து. பிரியாணி இரண்டு தட்டு, கேசரி, குளிர்ந்த ரோஸ் சிரப். வயிறு நிறைந்தது, மனம் கனத்தது.

அன்பர்களே, அந்த விருந்து என்னைக் கெடுக்கவில்லை. வீடு திரும்பியதும், "போச்சு, எல்லாம் போச்சு. இனி அடுத்த தைப்பூசத்திற்குப் பார்ப்போம்" என்று நினைத்தேனே, அதுதான் கெடுத்தது. மறுநாள் காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாயும், கெட்டிப்பால் கலந்த தே தாரிக்கும். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கிளினிக்கிற்குப் போனால் டாக்டர் ஏசுவாரே என்ற வெட்கத்தில், குறித்த நாளில் போகவில்லை. நான்கு மாதம் போகவேயில்லை. இனிப்புநீர் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். செருப்பு கடித்த புண் எனக்கு வலிக்கவே இல்லை. கடைசியில் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சற்று முன் இந்த மேடைக்கு நான் மெதுவாக ஏறி வந்ததைக் கவனித்திருப்பீர்கள்.

இந்த மனப்போக்கு எனக்கு மட்டும் உரியதன்று. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். முதலில் சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள். பின்னர் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக் கொண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள்! கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்ற எண்ணமே அவர்களை மேலும் உண்ண வைத்தது.

ஆறுதலான செய்தியும் உண்டு. 2010இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிவதற்குச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. சிலருக்கு அதைவிடப் பல மடங்கு தேவைப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு மண்டலம் நல்ல தொடக்கம். பலருக்கு அது முடிவாகிவிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

சரி, தவறிவிட்டோம். என்ன செய்வது?

முதலாவது, நாளைக்கோ திங்கட்கிழமைக்கோ தள்ளிப் போடாதீர்கள். அடுத்த வேளையிலேயே பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ.

இரண்டாவது, தண்டனையாகப் பட்டினி கிடக்காதீர்கள். இனிப்புநீர் மருந்து எடுப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால், சர்க்கரை திடீரென இறங்கி ஆபத்தாகலாம். மாத்திரையை நீங்களாகவே கூட்டிக் கொள்ளவும் கூடாது.

மூன்றாவது, சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

நான்காவது, கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஏச்சு ஐந்து நிமிடம். விரல் போனால் போனதுதான்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நேற்றுத் தின்றீர்களே, இன்றைக்கு என்ன வேஷம்?" என்று கேலி செய்யாதீர்கள். திரும்பி வர நினைப்பவருக்கு அந்தச் சொல் கதவை அடைப்பதாகும்.

அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் நடத்தும் வள்ளல்களுக்கு ஒரு விண்ணப்பம். சிரப்புக்குப் பக்கத்தில் நீர்மோரும் வெறும் தண்ணீரும் வையுங்கள். சோற்றோடு கூடுதலாக ஒரு கரண்டி காய்கறி போடுங்கள். அதுவும் புண்ணியந்தான்.

தண்ணீர்மலைப் படியில் கால் இடறினால், அடிவாரத்திற்கு இறங்கிப் போய் முதல் படியிலிருந்தா தொடங்குகிறோம்? முருகா என்று சொல்லி, இடறிய படியிலிருந்தே ஏறுகிறோம். ஒன்பது விரலோடு நானும் அப்படித்தான் ஏறிக் கொண்டிருக்கிறேன். நீங்கள் பத்து விரலோடும் ஏற வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

எல்லாம் வல்ல முருகப் பெருமான் அனைவருக்கும் நல்ல உடல்நலம் அருள்வானாக.