முதுகில் கத்தி: பயமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

(மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களில் இடுப்பு வலி, கால் குடைச்சல் பற்றியவை பல. அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறோம். பெயர்கள் வேண்டாம்.

ஒருவர் மூட்டை தூக்கும் சகோதரர். இடுப்பிலிருந்து பாதம் வரை கரண்ட் அடிப்பது போன்ற வலி. வலி வந்த பத்தாம் நாளே, "ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன்" என்று ஒரு மருத்துவமனை எழுதிக் கொடுத்த மதிப்பீட்டோடு வந்தார். வீட்டு நகை அடகுக்குப் போகத் தயாராக இருந்தது. நாமும் வசூலை ஆரம்பிக்க இருந்தோம். நம் குழுவில் உள்ள மருத்துவர்தான், "இன்னொரு டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று நிறுத்தினார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாத்திரையும் பிசியோதெரபியும் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் வலி அடங்கியது. இன்று வேலைக்குப் போகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இன்னொருவர் ஒரு தாய். பழைய இடுப்பு வலிதான். திடீரென்று இரண்டு கால்களும் மரத்தன, சிறுநீர் போவதே தெரியாமல் ஆனது. இதை எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு, கணவரிடம்கூடச் சொல்லாமல் ஒன்பது நாள் இருந்துவிட்டார். பிறகு ஆபரேஷன் நடந்தது. இப்போது நடக்கிறார். ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பவில்லை. ஒவ்வொரு வக்துக்கும் ஒளூ செய்ய அவர் படும் சிரமம் அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். பக்கத்துத் தெருவில் இருந்தும், அவர் வந்து சொல்ல ஒரு வழியை நாம் வைத்திருக்கவில்லை. அந்தக் குறை நம்முடையது.

ஒருவர் வீட்டில் தேவையில்லாத அவசரம். மற்றவர் வீட்டில் கூடாத தாமதம். இந்த இரண்டும் நம் மஹல்லாவில் இனி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இன்றைய பேச்சு.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது டிஸ்க். நம்மவர்கள் ஜவ்வு என்பார்கள். அது பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும்போது, இடுப்பை விடக் காலில்தான் வலி அதிகம் தெரியும். குனிந்தால், இருமினால் கூடும். இவர்களுக்கு ருகூஉ கடினம். வயதானவர்களுக்கு வருவது வேறு வகை. நரம்பு போகும் பாதையே குறுகிவிடும். நீண்ட நேரம் நின்றால், நடந்தால் கால் கனக்கும். குனிந்தால், உட்கார்ந்தால் இதமாக இருக்கும். தராவீஹில் நிற்க முடியாமல், ருகூஉவில் சுகம் காணும் பெரியவர்கள் இந்த வகையாக இருக்கலாம். டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள். அதுவரை நாற்காலியில் தொழுவது பற்றி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜவ்வு பிதுங்கிய கால் வலி பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கத்தி இல்லாமலே குறைகிறது. நெதர்லாந்தில் 283 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரமே ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி விரைவில் நீங்கியது. ஆனால் ஓராண்டு முடிவில், பொறுத்திருந்தவர்களும் அவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள். இன்னொன்றும் உண்டு: பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு வலி தாங்காமல் அந்த ஆண்டுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆகவே காத்திருப்பதும் தவறல்ல, ஆபரேஷனும் தவறல்ல.

ஸ்கேனைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு ஜவ்வு பிதுக்கம் தெரியும். ஸ்கேனில் தெரியும் இடமும் உங்கள் வலியும் பொருந்த வேண்டும்.

ஆனால் இவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது: மலஜலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப் போவது, சிறுநீர் அடைப்பது, அல்லது தெரியாமல் போவது, இரண்டு கால்களும் பலம் இழப்பது. அன்றைக்கே, நள்ளிரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுப்பது நல்லது என்பார்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நன்மை. பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் தாமதம் வேண்டாம். காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் வலி இருந்தால் எலும்பில் டி.பி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹிஜாமா எடுப்பவர்கள், எண்ணெய் போடுபவர்கள் இந்த அறிகுறிகளோடு அங்கே போய் நாளைக் கடத்தாதீர்கள். பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். மருத்துவம் செய்துகொள்வது நபிவழிதான்.

இனி, நுண்துளை ஆபரேஷன். முன்பு முதுகை நீளமாகத் திறந்து, தசையை எலும்பிலிருந்து விலக்கிச் செய்தார்கள். இப்போது சுமார் இரண்டு சென்டிமீட்டர் கீறலில், தசை நார்களை விலக்கிக்கொண்டே ஒரு குழாயை இறக்குகிறார்கள். எக்ஸ்ரேயில் இடத்தைச் சரிபார்த்து, மைக்ரோஸ்கோப்பில் பெரிதாகப் பார்த்து, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். எண்டோஸ்கோப்பி முறையில் கீறல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. பலர் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கிறார்கள்.

"முதுகில் கத்தி பட்டால் கால் விளங்காது" என்பது நம் வீடுகளில் உள்ள பெரிய பயம். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே, பெரும்பாலும் முதல், இரண்டாம் இடுப்பெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஜவ்வு அதிகம் பிதுங்குவது அதற்குக் கீழே. அங்கே இருப்பவை தனித்தனி நரம்புகள். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. கிருமித்தொற்று, நரம்புறை கிழிதல், மீண்டும் பிதுங்குதல் எல்லாம் உண்டு. ஆனால் கால் போய்விடும் என்று பயந்து, தேவையான ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கீறல் சின்னது என்பதால் முடிவு பெரிதாக மாறுவதில்லை. நாள் போகப் போகப் பழைய முறையின் பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். இது கால் வலிக்கு நன்றாக உதவும்; வெறும் இடுப்பு வலிக்கு அவ்வளவாக உதவாது. "லேசர், தழும்பில்லை, ஒரே நாளில் குணம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

டாக்டரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த நரம்பு அழுத்தப்படுகிறது? ஆறு வாரம் பொறுத்தால் என்ன ஆகும்? ஸ்க்ரூ எதற்கு, அது இல்லாமல் முடியாதா? மொத்தச் செலவு எவ்வளவு? கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. கார்டு இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம். உங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நகையை அடகு வைக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. இந்த மாதத்திலிருந்து நம் குழுவில் இரண்டு சகோதரிகள் இருக்கிறார்கள். வெட்கப்பட்டுச் சொல்ல முடியாததை அவர்களிடம் சொல்லுங்கள். நள்ளிரவானாலும் உங்களோடு மருத்துவமனைக்கு வருவார்கள். இன்னொரு ஒன்பது நாள் நம் மஹல்லாவில் வேண்டாம்.

வலியில் இருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.