பஸ் ஸ்டாண்டு கடை யாருக்கு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு வராது. இட்லி சுடத்தான் வரும். அதனால் என் கடைக் கதையையே சொல்லிடறேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு சுவர் ஓரத்தில் 11 வருஷம் தள்ளுவண்டி போட்டிருந்தேன். விடியக்காலை நாலரைக்கு அடுப்பு பத்தவைப்பேன். பூ மூட்டையோட வர்ற அக்காமார், மில்லுக்குப் போற பொண்ணுங்க எல்லாம் என் வாடிக்கை. பிறகு இடம் பத்தலைன்னு ஊருக்கு வெளியே நாலு கிலோமீட்டர் தள்ளி புது பஸ் ஸ்டாண்டு கட்டினாங்க. எங்க வண்டிகளை ஒரே நாளில் எடுக்கச் சொல்லிட்டாங்க. எடுத்துட்டோம்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014-லேயே மத்திய சட்டம் வந்திருக்கு. கணக்கெடுத்து, சான்று தர்ற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ் தரணும். நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும். அதில் நூத்துக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்கணும். அவங்களில் மூணில் ஒரு பங்கு பெண்கள். அன்னைக்கு இதெல்லாம் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

புது பஸ் ஸ்டாண்டு கடைகளை ஏலம் விட்டாங்க. ஒரு கடைக்கு முன்பணம் இரண்டு லட்சம். எங்க 12 பேரில் யாராலும் கட்ட முடியல. ஒரே ஆள் நாலு கடை எடுத்தார். அதில் ஒண்ணை எனக்கு உள்வாடகைக்கு விட்டார். மாசம் 15,000 ரூபாய். கடை கிடைச்சதே பெரிசுன்னு நினைச்சேன்.

நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில்தான் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, அவர் நகராட்சிக்கு எவ்வளவு கட்டுறார்?" எனக்கு வாயடைச்சுப் போச்சு. மூணு வருஷம் வாடகை கொடுத்தேன், அதை மட்டும் நான் கேட்டதே இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்னு முடிவு பண்ணினோம். செலவு 10 ரூபாய். 30 நாளில் பதில் தரணும். ஆனால் ஒருத்தர் தன் பெயரைப் போடணும். கடைக்காரருக்குத் தெரிஞ்சா என் கடை போயிடும்னு எனக்குப் பயம். ரெண்டு ராத்திரி தூங்கல. பிள்ளை காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. கடைசியில் என் பெயரையே போட்டேன். வேறொருத்தியை முன்னாடி தள்ளிவிட்டுட்டு நான் பின்னாடி நிக்க மனசு வரல.

பதில் வந்தது. அவர் கட்டுறது 9,000. உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு ஒப்பந்தத்திலேயே இருக்கு. கணக்குப் போடுங்க. மாசம் 6,000, வருஷத்துக்கு 72,000. ஒரு கடைக்கு மட்டும். அந்தப் பணம் தெரு விளக்குக்கும் போகல, சாக்கடை அள்ளவும் போகல, எனக்கும் வரல. இடமோ ஊருக்குச் சொந்தம்.

அடுத்தது பஸ் விஷயம். 2021 மே மாசத்தில் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. ரொம்ப நல்ல திட்டம். ஆனால் பஸ் வந்தாத்தானே ஏற முடியும்? புது பஸ் ஸ்டாண்டுக்கு முதல் டவுன் பஸ் ஆறரைக்குத்தான் வந்தது. அதுக்கு முன்னாடி போறவங்க ஷேர் ஆட்டோவுக்கு 30 ரூபாய் கொடுத்தாங்க. பஸ் இலவசம், பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் காசு!

இது நம்ம ஊரில் மட்டும் இல்லை. சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30-ல் திறந்தாங்க. பெரிய கட்டடம், நல்ல வசதி. கோயம்பேட்டில் இருந்து 25 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கு. பக்கத்திலேயே மின்சார ரயில் ஓடுது. ஆனால் திறந்தப்போ அங்கே ரயில் நிக்க ஸ்டேஷன் இல்லை. மூட்டை முடிச்சோட ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ போகணும். கட்டடம் முதல்ல, போய்ச் சேர்ற வழி அப்புறம்னு ஆயிடுது. குழந்தையை இடுப்பில் வெச்சுக்கிட்டுப் போறவளைக் கேட்டிருந்தா வழியைத்தான் முதல்ல சொல்லியிருப்பா.

பகுதி சபைக் கூட்டத்துக்கு 43 பேர் கையெழுத்தோட மனு கொண்டு போனோம். மூணே கோரிக்கை. அஞ்சு மணிக்கு ஒரு டவுன் பஸ். உள்வாடகைக்கு விட்ட கடைகளை மறு ஏலம் விடணும். சின்னச் சின்னக் கடையாப் பிரிச்சு, மகளிர் குழுக்கள் கட்டக்கூடிய முன்பணம் வைக்கணும். "உங்களுக்கு எதுக்கும்மா இந்த அரசியல்"னு ஒருத்தர் கேட்டார். நம்ம தலைவி அம்மா சொன்னாங்க: "ஐயா, நாலு மணிக்கு எழுந்திருக்கிறது நாங்க. பஸ் எப்போ வரணும்னு நாங்க சொல்லாம யார் சொல்றது?"

மூணு மாசம் அலைஞ்சதும் பஸ் வந்தது. இப்போ அஞ்சேகாலுக்கு ஓடுது. கடை விஷயம் அப்படி முடியல. கடைக்காரர் என்னைக் காலி பண்ணச் சொல்லிட்டார். இன்னைக்கு நான் மறுபடியும் தள்ளுவண்டிதான். பொய் சொல்ல மாட்டேன், அன்னைக்கு அழுதேன். வருமானம் பாதியாச்சு. ஆனால் இப்போ என் கழுத்தில் வியாபாரி அடையாள அட்டை இருக்கு. ஒரே நாளில் என்னை யாரும் கிளப்ப முடியாது.

அந்த நாலு கடையும் வர்ற மார்ச்சில் மறு ஏலத்துக்கு வருது. முன்பணம் ஒரு லட்சமாக் குறைச்சிருக்காங்க. நான் தனியாக் கேட்கல. குழுப் பெயரில் ஒரு கடை எடுத்தா இட்லி, ஊறுகாய், துணிப்பை எல்லாம் ஒரே இடத்தில் விக்கலாம். காலை என் முறை, மாலை இன்னொருத்தர் முறை. வாடகை நேரா நகராட்சிக்குப் போகும், ரசீது நம்ம கையில் இருக்கும்.

அதனால் உங்ககிட்ட கேட்கிறது இவ்வளவுதான். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, சம்மதம்னா தீர்மான நோட்டில் எழுதுங்க. சம்மதம் இல்லைன்னாலும் காரணத்தை எழுதுங்க, கேட்டுக்கிறேன். ஏல நோட்டீஸை ஒட்டின அன்னைக்கே ஒருத்தர் போய்ப் படிச்சு, கடைசித் தேதியைக் குறிச்சிட்டு வரணும். போன தடவை நமக்குத் தெரியும்போது தேதி முடிஞ்சிருந்தது.

நம்ம ஊர் நகராட்சி உறுப்பினர்களில் பாதிப்பேர் இன்னைக்குப் பெண்கள். 2016-ல் வந்த சட்டத்தால் கிடைச்ச இடம் அது. உள்ளே அவங்க பேச, வெளியே நாம கேட்கணும்.

நேரம் ஆச்சு, பசிக்கும். இன்னைக்கு இட்லி நம்ம குழுவோடது. சாப்பிட்டுட்டுப் போங்க.