தயிர்ச்சட்டியும் பழைய கணினியும்

மட்டக்களப்பு வாவியின் மேலைக் கரையைப் படுவான்கரை என்றும், கீழைக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவர். படுவான்கரையின் மேய்ச்சல் நிலங்களிற் கறந்த எருமைப் பால், தயிராய் உறைந்து, மண்சட்டிகளோடு வாவியைக் கடந்து பட்டினத்துக்கு வருவது நெடுங்கால வழக்கம். மண்சட்டியோ எளிதில் உடைவது. பாதையோ மேடும் பள்ளமும் நிறைந்தது. எனினும் சட்டிகள் முழுமையாகவே சந்தையை அடைந்தன. காரணம் யாது? சட்டியைக் கட்டியவர் அதன் இயல்பை அறிந்திருந்தார். வண்டியின் ஆட்டத்தினால் மட்டும் சட்டி உடைவதில்லை. சட்டியோடு சட்டி மோதுவதனால் உடைகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆதலின் இடையே வைக்கோலைச் செறித்தார், அசையாதபடி கட்டினார். முட்டையை உமிக்குள் புதைத்து அனுப்பிய பாட்டியும் இந்த உண்மையையே கைக்கொண்டாள்.

இந்த எளிய அறிவு இக்காலத்தில் முற்றும் வேறான ஒரு பொருளுக்குத் தேவைப்படுகிறது. அப்பொருள் பழைய கணினி.

கணினி என்றதும் புதியது ஒன்றே பலர் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கும் இப்போது ஒரு பழமை உண்டாகிவிட்டது. 1977ஆம் ஆண்டில் ஆப்பிள் இரண்டு வெளிவந்தது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி தோன்றியது. 1982இல் கொமடோர் 64, சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம் ஆகிய இரண்டும் சாதாரண வீடுகளுக்குள் புகுந்தன. இவை இன்று விற்பனைக் கடைகளில் இல்லை. செய்த தொழிற்சாலைகளும் அவற்றைக் கைவிட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. எஞ்சியிருப்பவை எஞ்சியிருப்பவையே, உடைந்த ஒன்றுக்கு ஈடாகப் புதிதாய் ஒன்று பிறக்கப் போவதில்லை.

கிழக்கிலங்கையில் அக்காலக் கணினிகள் தொடக்கத்திலேயே மிகச் சில. ஈரக் காற்றும் உப்பும் உலோகத்தை அரிக்கும் நிலம் இது. பல்லாண்டுப் போரில் வீடுகளும் பொருள்களும் அழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச் சென்றது. ஆகவே பழைய கணினி ஒன்றைக் காணவும், பிரித்துப் பார்க்கவும், மாணவருக்குக் காட்டவும் விரும்புவோர் கடல் கடந்தே தேட வேண்டும். 1995இல் தொடங்கிய ஈபே போன்ற இணையச் சந்தைகள் அத்தேட்டத்தை எளிதாக்கின. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ ஒருவர் தம் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது அகப்பட்ட இயந்திரத்தை, களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஒருவர் வாங்கலாம். ஆனால், விற்றவர் பலரும் அது யாதென்று அறியார். அங்கேதான் துன்பம் தொடங்குகிறது.

களுவாஞ்சிகுடியில் ஆசிரியர் ஒருவர் இருப்பதாக எண்ணிக் கொள்க. சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு கொமடோர் கணினி ஒன்றை அவர் வாங்குகிறார். அஃது அனுப்புவோரின் ஊரில் ஒரு வண்டியில் ஏறி, பொதிகளைப் பிரிக்கும் நிலையத்தில் இறங்கி, விமானத்திலோ கப்பலிலோ கொழும்பை அடைகிறது. சுங்கத்தில் அதைத் திறந்து பார்த்து மீண்டும் மூடவும் கூடும். பின்னர் முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தரைவழிப் பயணம். இத்தனை இடங்களிலும் ஏற்றுவோரும் இறக்குவோரும் வெவ்வேறு கைகள். கடைசியில் உள்ளூர்த் தபாற்கந்தோரில் ஆசிரியர் பொதியைக் கையில் எடுக்கிறார். உள்ளே ஏதோ உருளும் ஓசை கேட்கிறது. பெட்டியைத் திறக்குமுன்னரே அவருக்கு விடை தெரிந்துவிடுகிறது.

அந்த ஓசையின் பொருளைச் சிறிது ஆராயலாம். ஒரு பெட்டி ஒரு மீற்றர் உயரத்திலிருந்து கல் தரையில் விழுகிறது என்போம். உள்ளிருக்கும் பொருள், தரையைத் தொட்ட பின்னர் ஒரு சதமமீற்றர் தூரத்துக்குள் நிற்குமாயின், அது தன் நிறையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஐந்து சதமமீற்றர் மென்பொதிவு அமுங்கி அதை நிறுத்துமாயின், அவ்விசை இருபது மடங்காகக் குறையும். பத்துக் கிலோகிராம் இயந்திரத்துக்கு இது ஆயிரம் கிலோவுக்கும் இருநூறு கிலோவுக்கும் உள்ள வேறுபாடு. பொதிவின் பயன் முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கும். வைக்கோலைச் செறித்தவர் கணக்கைப் போடவில்லை. ஆயினும் அதன் விடையை அறிந்திருந்தார்.

பழைய இயந்திரம் இவ்விசையைப் புதியதைப் போலத் தாங்காது. முதுமையடைந்த பிளாஸ்டிக் மஞ்சள் நிறமடைந்து நொறுங்கும் தன்மை பெறுகிறது. சில கணினிகளின் உள்ளே மின்மாற்றி என்னும் கனத்த இரும்புக் கட்டி உண்டு. புறக்கூடு மென்மையானது, உள்ளிருக்கும் கட்டியோ பாரமானது. பெட்டி விழுந்ததும் கூடு நின்றுவிட, கட்டி நில்லாது தன்னைப் பிணித்த தூண்களை முறித்துக்கொண்டு செல்லும். மற்றும் சில கணினிகளில் நுண்சில்லுகள் தாங்கிகளிற் செருகப்பட்டிருக்கும்; தொடர்ந்த அதிர்வினால் அவை மெல்ல மேலெழுந்துவிடும். இது திருத்தக்கூடிய குறை. ஆனால் அறியாதவர் இயந்திரமே செத்துவிட்டதென்று கருதுவர்.

கொமடோர் 64இன் மின்வழங்கி செங்கல்லைப் போன்ற தனிக் கட்டி. அதைக் கணினியோடு ஒரே பெட்டிக்குள், தனியே சுற்றாமல் எறிந்துவிடுவது விற்போர் பலர் செய்யும் பிழை. வழி நெடுகிலும் அது சுத்தியலாக மாறி விசைப்பலகையை அடித்துக்கொண்டே வரும். விழுந்து உடைந்த இயந்திரத்துக்காவது தபாற்காரரைக் குறை கூறலாம். தன் துணைப்பொருளாலேயே தகர்ந்த இயந்திரத்துக்கு யாரைக் குறை கூறுவது?

பழைய காட்சித்திரையின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அதன் கண்ணாடிக் குழாயின் உட்புறம் வெற்றிடம். பதினான்கு அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் அரைத் தொன்னுக்கு மேற்பட்ட வளிமண்டல அழுத்தம் இடையறாது தாக்கிக்கொண்டிருக்கிறது. முகம் தடித்த கண்ணாடி. பின்னுள்ள கழுத்தோ விரலளவில் மெல்லியது. கழுத்து முறிந்தால் காற்றுப் புகுந்து குழாய் பயனற்றுப் போகும். ஆகவே அறிந்தோர் அதைக் கனத்த முகம் கீழாக, மெத்தென்ற படுக்கையின்மேல் வைத்துப் பொதிவர்.

வன்தட்டுக்கும் தனிக் கவனம் வேண்டும். 1980களின் வன்தட்டுகள் பலவற்றில், மின் நின்றவுடன் வாசிக்கும் தலை தானே ஒதுங்கிக் கொள்ளாது. இடம் பெயர்க்குமுன் அதை ஒதுக்கும் கட்டளையைக் கணினிக்கு இடுதல் வேண்டும். இடாது அனுப்பினால், தலை தட்டின்மேல் மோதிப் பதிவைச் சிதைத்துவிடும். நெகிழ்தட்டு இயக்கியின் வாயில் அக்காலத்தில் ஓர் அட்டைத் துண்டைச் செருகி அனுப்பியதும் இக்காரணம் பற்றியே. அந்த அட்டைத் துண்டைக் குப்பையென எறிந்தோர் பலர்.

இனி, பொதியும் பொருள்களைப் பற்றிச் சில சொற்கள். கசக்கிய செய்தித்தாள் முதல் நாள் பருத்திருக்கும். பாரத்தின் கீழ் வழியிலேயே சப்பையாகிவிடும். அதன்பின் பொருள் பெட்டிக்குள் உலாவத் தொடங்கும். கடலைக்காயைப் போன்ற நுரைத்துண்டுகள் இலேசான பொருளுக்கு உதவும்; கனத்த கணினியோ அவற்றினூடே மெல்ல இறங்கி அடித்தட்டைச் சேர்ந்துவிடும். காற்றுக் குமிழ் கொண்ட தாள் நல்லதே. எனினும் ஒரு சுற்றோடு நிறுத்தினால் கனத்தினால் குமிழ்கள் வெடித்துவிடும். சாதாரணப் பொலித்தீன் உராய்வினால் நிலைமின்னை உண்டாக்கும். திறந்த சுற்றுப்பலகையை அதில் நேரே சுற்றுதல் ஆகாது. அதற்கென நிலைமின்னைத் தடுக்கும் உறைகள் உண்டு.

நன்முறை சிக்கலானதன்று. முதலில், கழற்றக் கூடியவற்றைக் கழற்றித் தனித்தனியே சுற்ற வேண்டும். பழைய மின்கலம் இருந்தால் அதை நீக்க வேண்டும். கசிந்த மின்கலம் தாய்ப்பலகையை அரித்துவிடும். இயந்திரத்தைக் குமிழ்த்தாளில் பல சுற்றாகச் சுற்றி, அதற்கு நெருங்கிய அளவுடைய ஓர் அட்டைப்பெட்டியில் அசையாது அமைக்க வேண்டும். அப்பெட்டியை அதனினும் பெரிய மற்றொரு பெட்டிக்குள் வைத்து, ஆறு பக்கங்களிலும் குறைந்தது ஐந்து சதமமீற்றர் மென்பொதிவு நிறைக்க வேண்டும். மூடியபின் ஆட்டிப் பார்க்க, உள்ளே ஓசை எழலாகாது. பெட்டிக்குள் பெட்டி என்னும் இம்முறை ஒன்றே பெரும்பாலான இயந்திரங்களைக் காப்பாற்றிவிடும்.

இதைச் செய்யாத விற்பனையாளர் அனைவரும் தீயவர் அல்லர். பெட்டி பெருத்தால் கட்டணமும் பெருகும். விமானப் பொதிகளுக்கு நிறையை மட்டுமன்றிப் பருமனையும் கணக்கிடுவது வழக்கம். கட்டணத்தைக் குறைக்க எண்ணி, பெட்டியைச் சுருக்குகின்றனர். ஆதலின், வாங்குவோருக்கும் கடமை உண்டு. பணம் செலுத்துமுன்னரே எவ்வாறு பொதிய வேண்டுமெனத் தெளிவாக எழுதுதல் வேண்டும். அதற்குரிய மிகைச் செலவைத் தாமே ஏற்பதாகவும் கூறுதல் வேண்டும். மூடுமுன் ஒரு படம் எடுத்து அனுப்புமாறு கேட்பதிலும் தவறில்லை. அனுப்பியவர் சரிவரப் பொதியாததனால் நேர்ந்த சேதத்துக்குத் தபாற் சேவைகள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை. உடைந்த பின் எழுதும் பத்து முறைப்பாடுகளைவிட, அனுப்புமுன் எழுதும் ஒரு கடிதம் பயன் தரும்.

பொதி வந்தபின்னும் பொறுமை வேண்டும். திறக்கும்போதே ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து வைத்தல் நன்று. குளிர்ந்த நாட்டிலிருந்து வாவிக்கரையின் ஈரக் காற்றுக்கு வந்த இயந்திரத்தை உடனே இயக்குதல் கூடாது. ஒரு நாளாவது உலரவிட வேண்டும். கூட்டைத் திறந்து, கழன்ற திருகுகள் உருள்கின்றனவா, சில்லுகள் எழுந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்ததாயின் அஃது ஏறத்தாழ 120 வோல்ற்றுக்கு உரியது. இலங்கையின் 230 வோல்ற்றில் நேரே இணைத்தால், வழியெல்லாம் பிழைத்து வந்தது வீட்டில் மடியும்.

உடைந்த பழம்பொருளுக்கு இத்தனை கவலை வேண்டுமா என்று சிலர் வினவலாம். அதற்கு விடையை இந்நிலத்திலேயே பிறந்த பேரறிஞர் ஒருவரின் வாழ்வில் காணலாம். மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அவர் கையில் பழைய யாழ் ஒன்றேனும் இருக்கவில்லை. நூல்களிற் கிடந்த குறிப்புக்களையும், கணிதத்தையும், இசையறிவையும் துணைக்கொண்டே அவர் அக்கருவியின் உருவையும் நரம்புகளையும் மீட்க முயன்றார். பல்லாண்டு உழைப்பு அதற்கு வேண்டியிருந்தது. யாழைச் செய்தவரும் இசைத்தவரும் அது மறையுமென்று எண்ணியிருக்க மாட்டார்கள். எங்கும் இருந்த பொருளாதலின் எவரும் காத்து வைக்கவில்லை.

முதற்காலக் கணினிகளும் அந்நிலையை நெருங்குகின்றன. அவை இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. அதனாலேயே மதிப்பற்றவை போலத் தோன்றின. இன்றைய கணினியின் உட்புறத்தை மாணவன் எளிதில் அறிய முடியாது. எல்லாம் ஒரு சில்லுக்குள் ஒடுங்கிவிட்டன. பழைய கணினியிலோ நினைவகம் இது, செயலகம் இது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். ஒன்றைக் கண்ணாற் கண்டு கற்பதற்கும், இருந்ததாகக் கேட்டுக் கற்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. நாற்பது ஆண்டுகள் பரணில் பிழைத்திருந்த ஓர் இயந்திரம், இரண்டு வாரப் பயணத்தில் ஒரு சாண் வைக்கோலுக்கு ஒப்பான பொதிவு இல்லாமையால் அழிவது வருந்தத்தக்கது.

தயிர்ச்சட்டியைக் கட்டியவருக்குச் சட்டியின் விலை தெரியும். அதைவிட, வாவிக்கு அப்பால் அதை எதிர்பார்த்து நிற்பவரும் தெரியும். கடலுக்கு அப்பாலிருந்து அனுப்புகின்றவர், களுவாஞ்சிகுடித் தபாற்கந்தோரில் காத்து நிற்கும் அந்த ஆசிரியரை ஒரு கணம் நினைப்பாராயின், இரண்டாவது பெட்டியைத் தாமே தேடி எடுப்பார்.