பாசறைக்குப் போகும் பிள்ளையின் பை

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, பாசறைக்குப் புறப்படும் பெண் சாரணியருக்கும் பெற்றோருக்கும் பழைய மாணவியர் சங்கத்தின் சார்பில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



இலங்கையில் பெண் சாரணியம் 1917இல் கண்டியில் ஆரம்பமானது. "ஆயத்தமாயிரு" என்ற அதன் வாக்கை எங்கள் தலைமுறை இன்னொரு விதமாகவும் கற்றது. 1983 யூலையில் உடுத்த உடுப்போடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானையிலும் தஞ்சமடைந்த குடும்பங்கள் எங்களுடையவை. "முகாம்" என்றாலே அம்மாமாரின் முகம் மாறும். தொண்ணூறுகளில் நாங்கள் பாசறைக்குப் போனபோது பையில் முதலில் வைத்தவை அடையாள அட்டையும் அதிபரின் கடிதமும்தான். நுளம்புத்திரி அதற்குப் பிறகுதான். அப்படியிருந்தும் எங்களை அனுப்பினார்கள். அந்தத் துணிவை இன்று நன்றியோடு நினைக்கிறோம்.

இன்று பிள்ளைகளை வீட்டில் மறிப்பவை வேறு. "அவளுக்குத் தொய்வு இருக்கு", "அந்த நாட்களில் அவளுக்கு மாதவிடாய் வரும்" என்ற இந்த இரண்டு காரணங்களையும் அடிக்கடி கேட்கிறோம். இரண்டுக்கும் விடை பையில் இருக்கிறது.

தொய்வுள்ள பிள்ளை இன்ஹேலரைப் பெரிய பையின் அடியில் வைக்கக்கூடாது. இடுப்புப் பையில் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று பொறுப்பாசிரியையிடம் இருக்கட்டும். மாதவிடாய்க்குத் தேவையான நப்கின்கள், மேலதிக உள்ளாடைகள், பழைய பத்திரிகைத் தாள், மூடிக் கட்டக்கூடிய பை ஆகியவற்றை எல்லாப் பிள்ளைகளும் கொண்டுபோக வேண்டும். இன்னும் வயதுக்கு வராதவர்களும்தான். முதல் தடவை எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? 2004 டிசம்பரில் கடல்கோளுக்குப் பிறகு கொழும்பில் நாங்கள் பொதி கட்டியபோது சேலைகள் மலையாகக் குவிந்தன. நப்கினையும் உள்ளாடையையும் தேடித் தேடித்தான் எடுத்தோம். வெட்கப்பட்டு எழுதாமல் விடும் பொருள்தான் கடைசியில் கிடைக்காமல் போகிறது.

இனி மருந்துப் பெட்டி. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் நிறைக்கேற்ற அளவில். மாதவிடாய் நோவுக்கென்று சிலர் மெபனமிக் அமிலக் குளிசை வைத்திருப்பார்கள். அதைக் காய்ச்சல் வந்த தோழிக்குக் கொடுக்கவே கூடாது. 2017இல் மட்டும் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. டெங்குவில் மெபனமிக் அமிலம், இபுபுரோபென், டைக்குளோபினாக், அஸ்பிரின் யாவும் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. "எனக்குச் சுகமாக்கியது, உனக்கும் சுகமாக்கும்" என்ற அன்புதான் இங்கே ஆபத்து.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி. ஒரு லீற்றர்ப் பொதியை முழுவதுமாக ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பொதியைக் கோப்பையில் கண்மதிப்பாகக் கலப்பது தவறு. கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். ஜீவனி முடிந்துபோனால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். ஆகவே ஒரு லீற்றர் போத்தல் ஒன்று உங்கள் அளவுகோலாகவும் இருக்கட்டும்.

பாம்புக்கு மருந்து உங்கள் பையில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆகவே பிளேட்டும் இறுக்கிக் கட்டும் கயிறும் முதலுதவிப் பெட்டிக்கு வேண்டாம். கடிபட்டவளை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 1990க்கு அழையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கியது; இப்போது நாடு முழுவதும் உண்டு. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல வேளை நோவே தெரியாது. ஆகவே நுளம்பு வலையை மறக்காதீர்கள். அதன் விளிம்பைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் நுளம்பையும் தடுக்கும், பாம்பையும் தடுக்கும். இருட்டியபின் டோர்ச் இல்லாமல், செருப்பில்லாமல் மலசலகூடத்துக்குப் போகவேண்டாம்.

மற்றவை சுருக்கமாக: மழை அங்கி, இரண்டு துவாய், சவர்க்காரம், மலைநாடு என்றால் நீளக் காலுறையும் அட்டைக்குச் சிறிது உப்பும். பெயர், ஒவ்வாமை, வழக்கமாக எடுக்கும் மருந்து, வீட்டுத் தொலைபேசி இலக்கம் எழுதிய அட்டையை நனையாத உறையில் வையுங்கள். கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். பாசறையில் இரண்டாம் நாள் அது உயிரோடு இருக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பையைப் பிள்ளையே அடுக்கட்டும். அடுக்கியதைத் தோளில் போட்டு வெள்ளவத்தைச் சந்தை மட்டும், கொட்டாஞ்சேனை என்றால் சந்தி மட்டும், ஒருமுறை நடந்து வரட்டும். தூக்க முடியாததை அவளே வெளியே எடுப்பாள். இருட்டில் எது எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் அக்காமாரே, ஒரு நுளம்பு வலை, ஒரு மழை அங்கி, ஒரு மாத நப்கின் வாங்குவது இன்று சில வீடுகளில் பாரம். காரணம் சொல்லாமல் "காய்ச்சல்" என்று நின்றுவிடும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள். பாடசாலையில் ஒரு பொது அலுமாரியை நிரப்பி வைப்போம். கேட்காமலே எடுத்துப்போகலாம் என்று இருக்கட்டும்.

போய் வாருங்கள், தங்கையரே.