கயிறு கட்டி இழுக்கும்போது

நடுவழியில் கார் நின்றுவிட்டால், வேறொரு வண்டியை நிறுத்திக் கயிறு கட்டி இழுத்துப் போவது நமக்குப் பழக்கம். உதவுகிற மனசு பெரிதுதான். ஆனால் ஆபத்து, இழுபடும் காருக்குள் இருக்கிறது.

எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை போய்விடும். இரண்டு மூன்று முறை மிதித்ததுமே பெடல் இறுகிவிடும். முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கும். ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். சாவியை எடுத்துவிட்டாலோ ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அதனால் சாவி 'ஆன்' நிலையிலேயே இருக்கட்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் அங்கே உட்கார வேண்டும். வீட்டுப் பையனை உட்கார வைக்காதீர்கள்.

வண்டிகளுக்கு இடையே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சாலை விதி. கயிற்றை பம்பரில் கட்டாமல், இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மாட்டுங்கள். முன்வண்டி வெடுக்கென்று கிளம்பினால் கயிறு அறுந்து சாட்டையாய் அடிக்கும். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் கயிறே வேண்டாம். பெரும்பாலும் எஞ்சின் ஓடினால்தான் அதன் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுழலும். இல்லாவிட்டால் உள்ளே தேய்ந்து பாழாகும். செலவைப் பார்க்காமல் மீட்பு லாரியை அழைத்து, நாலு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றி அனுப்புங்கள்.